நோன்பு நாளும் சமய எல்லையும்: ஓர் ஒப்பீட்டு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உலகின் பெருஞ்சமயங்கள் பலவற்றிலும் நோன்பு ஒரு முதன்மையான வழிபாட்டு ஒழுக்கமாக உள்ளது. இப்பொதுமையைச் சுட்டி, எல்லாச் சமயங்களும் ஒன்றையே கற்பிக்கின்றன என்று முடிப்பது சமய ஒப்பாய்வில் வழக்கமாக இருந்துவருகிறது. இக்கட்டுரை நோன்பின் நோக்கத்தைக் காட்டிலும் அது நோற்கப்படும் நாளையும் பொழுதையும் முதன்மைப்படுத்தி ஆராய்கிறது. யூதம், கிறித்தவம், இசுலாம், வைதிகம், பௌத்தம், சமணம் ஆகியவற்றின் நூற்சான்றுகளை ஒப்பிட்டு, அயற்சமயத்திடமிருந்து ஒரு வழக்கத்தைப் பெறுவதும் அச்சமயத்திலிருந்து தன்னை வேறுபடுத்திக்கொள்வதும் ஒரே வரலாற்றுச் செயற்பாட்டின் இரு கூறுகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நோன்பு, சமய ஒப்பியல், தித்தகே, ஆஷூரா, உபோசதம், சல்லேகனை, சமய எல்லை

முன்னுரை

தமிழில் 'நோன்பு' என்னும் சொல் எந்த ஒரு சமயத்திற்கும் தனியுரிமையானதன்று. மார்கழியில் நோற்கப்படுவது பாவை நோன்பு. மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் மகளிர் நோற்பது காரடையான் நோன்பு. இசுலாமியர் ரமலான் மாதத்தில் நோற்பதும் நோன்பே. கிறித்தவரின் தவக்கால ஒழுக்கமும் சமணத் துறவியரின் உண்ணாநிலையும் அதே சொல்லால் குறிக்கப்படுகின்றன. பொறுத்தல், தாங்குதல் என்னும் பொருளுடைய 'நோல்' என்ற வினையடியிலிருந்து பிறந்த இச்சொல், உண்ணாமையைவிடத் தாங்கிக்கொள்ளுதலையே அடிப்படைப் பொருளாகக் கொண்டது. பல சமயத்தார்க்கும் பொதுவாகச் சொல் ஒன்று அமைந்திருப்பது, அச்சொல்லால் குறிக்கப்படும் செயலும் ஒன்றே என்னும் எண்ணத்தை எளிதில் தோற்றுவிக்கிறது.

சமய ஒப்பாய்வு நூல்களும் பாடத்திட்டங்களும் பெரும்பாலும் இவ்வெண்ணத்தையே பின்பற்றுகின்றன. சமயங்களை ஒரு வரிசையிலும், கடவுட்கொள்கை, வழிபாடு, நோன்பு, ஈகை ஆகியவற்றை மற்றொரு வரிசையிலும் நிறுத்தி, கட்டங்களை நிரப்பும் அட்டவணை முறை அவற்றில் காணப்படுகிறது. இம்முறை தகவல்களைத் தொகுப்பதற்குப் பயன்படும். ஆயினும், சமயங்கள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே வளர்ந்தன என்ற பொய்த்தோற்றத்தை அது உண்டாக்குகிறது. உண்மையில் அச்சமயங்கள் அண்டை வீட்டாராகவே வாழ்ந்தன. அயலார் எந்நாளில் உண்ணவில்லை, எப்பொழுதில் உண்ணத் தொடங்கினர் என்பதை அவை நன்கு அறிந்திருந்தன. அவ்வறிவு அவற்றின் நோன்பு விதிகளிலேயே பதிந்துள்ளது.

யூத நோன்பு: கட்டளையும் நினைவும்

எபிரேய விவிலியத்தின் லேவியர் நூல், ஏழாம் மாதத்தின் பத்தாம் நாளைப் பாவக்கழுவாய் நாளாக விதிக்கிறது. திஷ்ரி மாதத்தில் வரும் இந்நாளே யோம் கிப்பூர் எனப்படுகிறது. 'உண்ணாதிருங்கள்' என்ற நேரடிச் சொல்லாட்சி அங்கு இல்லை. தம்மை ஒடுக்கிக்கொள்ளுமாறு மக்கள் பணிக்கப்படுகின்றனர். இத்தொடருக்குப் பிற்கால மரபு தெளிவான வரையறை வகுத்தது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் யோமா பகுதி உண்ணல் பருகல், நீராடல், எண்ணெய் பூசுதல், காலணி அணிதல், உடலுறவு ஆகியவற்றை அந்நாளில் விலக்குகிறது. முதல்நாள் மாலையில் தொடங்கி மறுநாள் இரவு வரும்வரை ஏறத்தாழ 25 மணி நேரம் இந்நோன்பு நீள்கிறது.

இதனின் வேறானவை வரலாற்று நினைவு நோன்புகள். கி.மு. 586இல் பாபிலோனியரால் எருசலேம் கோயில் அழிக்கப்பட்டதை ஒட்டி நான்காம், ஐந்தாம், ஏழாம், பத்தாம் மாதங்களில் நோன்புகள் தோன்றின. சிறையிருப்பிலிருந்து மீண்டு கோயிலை மறுபடியும் கட்டியபோது, இந்நோன்புகளைத் தொடர வேண்டுமா என்ற கேள்வி எழுந்ததைச் சகரியா நூல் பதிவுசெய்கிறது. கி.பி. 70இல் உரோமர் இரண்டாம் கோயிலை அழித்தபின் ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள் இரு அழிவுகளுக்கும் உரிய பொதுத் துயர்நாளாயிற்று. இதனால் யூத மரபில் நோன்பு, இறைவன்முன் தன்னை ஒடுக்குதல், இனத்தின் இழப்பை நினைத்தல் என்னும் இரு பொருள்களைப் பெற்றது.

இவற்றோடு வாரந்தோறும் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் நோற்கும் வழக்கமும் பக்தியுடையோரிடையே இருந்தது. வாரத்திற்கு இருமுறை நோன்பிருக்கும் பரிசேயர் ஒருவர் லூக்கா நற்செய்தியின் உவமையொன்றில் இடம்பெறுகிறார். மழை பொய்த்த காலத்தில் அறிவிக்கப்படும் பொது நோன்புகள் திங்கள், வியாழன், மீண்டும் திங்கள் என அமைய வேண்டும் என்று மிஷ்னாவின் தாஅனித் பகுதி கூறுகிறது. அடுத்துத் தோன்றிய சமயத்தின் எல்லைக்கோடு வரையப்பட்டது இவ்விரு நாட்களை முன்னிட்டே ஆகும்.

நாள் முந்தியது, பொருள் பிந்தியது: தொடக்கக் கிறித்தவம்

1873இல் பிலோதெயோஸ் பிரையென்னியோஸ் என்பவரால் கான்ஸ்டான்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்டு 1883இல் வெளியிடப்பட்ட 'தித்தகே' என்னும் கிரேக்கக் கைந்நூல், தொடக்கக் கிறித்தவரின் ஒழுகலாறுகளை அறிவதற்குத் தலையாய சான்றாகும். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் இதன் காலமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. இதன் எட்டாம் பிரிவு, வெளிவேடக்காரர் திங்களிலும் வியாழனிலும் நோற்பதால் கிறித்தவர் அவர்களோடு சேர்ந்து நோற்காமல் புதனிலும் வெள்ளியிலும் நோற்க வேண்டும் என்று பணிக்கிறது.

இவ்விதி இரு நிலைகளில் நோக்கத்தக்கது. முதலாவதாக, வாரத்திற்கு இருநாள் நோற்கும் அமைப்பு அப்படியே ஏற்கப்பட்டுள்ளது. நாட்கள் மட்டுமே மாற்றப்பட்டுள்ளன. இரண்டாவதாக, புதனுக்கும் வெள்ளிக்கும் உரிய இறையியற் காரணம் எதுவும் அங்குக் கூறப்படவில்லை. அயலாரின் நாட்கள் அல்ல என்பதே அந்நாட்களுக்குரிய தகுதியாக உள்ளது. இயேசுவைக் காட்டிக்கொடுக்கத் திட்டமிடப்பட்ட நாள் புதன், அவர் சிலுவையில் அறையப்பட்ட நாள் வெள்ளி என்னும் விளக்கம் பிந்தைய நூல்களில்தான் தெளிவாக இடம்பெறுகிறது. கி.பி. 311இல் கொல்லப்பட்ட அலெக்சாந்திரியா ஆயர் பேதுருவின் விதித்தொகுப்பு அத்தகையது.

எனவே, எஞ்சியுள்ள சான்றுகளின் வரிசைப்படி, எல்லை முதலில் வரையப்பட்டுப் பொருள் பின்னர் நிரப்பப்பட்டது எனக் கொள்ள இடமுண்டு. பின்னர் நிரப்பப்பட்டதால் அப்பொருள் போலியானது என்று கருதுதல் பொருந்தாது. எதியோப்பிய வைதீகத் திருச்சபையார் இன்றும் புதன், வெள்ளி நோன்புகளை இயேசுவின் பாடுகளை நினைந்தே நோற்கின்றனர். அவர்களுக்கு அந்நாட்கள் யூதரை மறுக்கும் நாட்கள் அல்ல. தோற்றக் காரணம் மறைந்து, பிற்காலப் பொருளே வாழும் பொருளாகிவிட்டது.

பெறுதலும் வேறுபடுத்தலும்: இசுலாம்

குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் (வசனங்கள் 183-187) நோன்பை விதிக்குமிடத்து, முன்னிருந்தோர்க்கு விதிக்கப்பட்டது போலவே இதுவும் விதிக்கப்படுகிறது என்று தொடங்குகிறது. முந்தைய சமயங்களோடுள்ள தொடர்பு இங்கு வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. அத்தொடர்பு எவ்வாறு இயங்கியது என்பதை ஹதீஸ் தொகுப்புகள் விரிக்கின்றன. இத்தொகுப்புகள் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றவை. புகாரி 870இலும் முஸ்லிம் 875இலும் மறைந்தனர். ஆதலால் இவற்றை மதீனாவின் நேரடி நிகழ்ச்சிக்குறிப்பாகக் கொள்ளும் அளவு குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், ஒரு சமுதாயம் தன் நோன்பின் வரலாற்றை எவ்வாறு உணர்ந்துகொண்டது என்பதற்கு இவை உறுதியான சான்றுகளே.

622இல் நபிகள் மதீனாவிற்குக் குடிபெயர்ந்தபோது, அங்கிருந்த யூதர் ஆஷூரா நாளில் நோற்பதைக் கண்டு காரணம் வினவினார் என்றும், மூசா நபி காக்கப்பட்ட நாள் என்று அவர்கள் விடையளிக்க, மூசாவுக்குத் தம்மவரே மிக நெருங்கியோர் என்று கூறித் தாமும் நோற்றார் என்றும் இப்னு அப்பாஸ் வழி வந்த செய்தி உரைக்கிறது. குறைஷியர் முன்பே அந்நாளில் நோற்றதாக ஆயிஷா வழி வந்த செய்தி கூறுகிறது. இரு செய்திகளும் ஆஷூரா இசுலாத்திற்கு முற்பட்ட வழக்கம் என்பதில் உடன்படுகின்றன. ஹிஜ்ரி 2இல், அதாவது கி.பி. 624இல், ரமலான் நோன்பு கடமையாக்கப்பட்டபின் ஆஷூரா விருப்ப நோன்பாயிற்று. வரும் ஆண்டில் ஒன்பதாம் நாளையும் சேர்த்து நோற்கும் எண்ணத்தை நபிகள் வெளியிட்டதாகவும் அதற்குள் அவர் மறைந்ததாகவும் முஸ்லிமின் தொகுப்பு கூறுகிறது. ஆஷூராவோடு ஒன்பதாம் நாளையும் சேர்த்து நோற்கும் இன்றைய வழக்கத்திற்கு இதுவே அடிப்படை. பெற்ற நாள் கைவிடப்படவில்லை. அதனருகே மற்றொரு நாள் நிறுத்தப்பட்டு வேறுபாடு காட்டப்பட்டது.

நாளைப் போலவே பொழுதும் எல்லையாயிற்று. தொடக்கத்தில், மாலையில் நோன்பு திறந்தபின் உண்ணாமல் உறங்கிவிட்டவர் மறுநாள் மாலைவரை உண்ணலாகாது என்ற நிலை இருந்ததாகவும், வைகறை வெளிச்சம் புலப்படும்வரை உண்ணப் பருக இசைவளித்த வசனம் பின்னர் அருளப்பட்டதாகவும் மரபு கூறும். இவ்வைகறை உணவே தமிழ் இசுலாமியர் வழக்கில் சஹர் எனப்படுகிறது. தம் நோன்பிற்கும் வேதம் பெற்றோரின் நோன்பிற்கும் உள்ள வேறுபாடு சஹர் உணவே என்று முஸ்லிமின் தொகுப்பிலுள்ள செய்தி ஒன்று குறிப்பிடுகிறது. நோன்பு திறத்தலைத் தாமதிக்கலாகாது என்பதற்கு யூதரும் கிறித்தவரும் தாமதிக்கின்றனர் என்பதையே அபூதாவூதின் தொகுப்பு காரணமாகக் காட்டுகிறது.

இங்குக் கருதத்தக்க மற்றொரு செய்தி, திங்களும் வியாழனும் இசுலாத்தில் விரும்பத்தக்க நோன்பு நாட்களாக இருப்பதாகும். நபிகள் பிறந்ததும் அவருக்கு இறைச்செய்தி அருளப்பட்டதும் திங்களில். மாந்தரின் செயல்கள் இறைவன்முன் வைக்கப்படுவது அவ்விரு நாட்களில் என்பன அதற்குரிய விளக்கங்கள். தித்தகே யூதரின் நாட்கள் என்று விலக்கிய அதே நாட்கள் மற்றொரு சமயத்தில் தமக்கெனத் தனிப்பொருள் பெற்று நிலைத்தன. ஒரு நாளின் புனிதம் அந்நாளிலேயே உறைவதில்லை. சமயத்தாரிடையே உள்ள உறவே அதனை வரையறுக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மகதத்து உபோசதம்

இத்தகைய போக்கு மேற்காசியச் சமயங்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரே இறைவன், ஒரே தீர்க்கதரிசி மரபு என்னும் பொதுப்பின்புலம் இல்லாத கங்கைச் சமவெளியிலும் இதற்கு இணையான வரலாறு காணப்படுகிறது.

வைதிக மரபில் அமாவாசை, பௌர்ணமி வேள்விகளுக்கு முந்திய நாள் 'உபவசதம்' எனப்பட்டது. மறுநாள் அவியுண்ணத் தேவர்கள் வேள்வி செய்வோன் இல்லத்தில் வந்து உடனுறைகின்றனர் என்றும், விருந்தினர் உண்ணுமுன் தான் உண்பது தகாது என்றும் சதபத பிராமணத்தின் தொடக்கப்பகுதி விளக்குகிறது. உபவாசம் என்னும் சொல்லின் முதற்பொருள் உடனுறைதலே. உண்ணாமை அதன் விளைவாக வந்த ஒழுக்கம்.

வேள்வியை மறுத்த துறவு நெறிகள் அந்நாளை மறுக்கவில்லை. பாலி வினயப் பிடகத்தின் மகாவக்கம் கூறும் செய்தி இதனை விளக்கும். பிற நெறிகளைச் சார்ந்த துறவியர் பக்கத்தின் எட்டாம், பதினான்காம், பதினைந்தாம் நாட்களில் கூடி அறம் உரைக்கின்றனர். அதனைக் கேட்கச் செல்லும் மக்கள் அவர்கள்பால் பற்றுக்கொள்கின்றனர். பௌத்தத் துறவியரும் அவ்வாறு கூடினால் என்ன என்று மகத மன்னன் பிம்பிசாரன் புத்தரிடம் வேண்டுகிறான். புத்தர் இசைகிறார். துறவியர் கூடிப் பேசாமல் அமர்ந்திருக்க, மக்கள் பழிக்கின்றனர். அதன்பின் அறவுரைக்கு இசைவு கிடைக்கிறது. அடுத்த நிலையில் சங்க விதிகளாகிய பாதிமோக்கத்தை ஓதுதல் அந்நாளுக்குரிய செயலாகிறது.

அயலாரைப் பார்த்து ஒரு வழக்கத்தை ஏற்றுக்கொண்டதை இத்துணை வெளிப்படையாகக் கூறும் சமய நூல்கள் மிகுதியில்லை. அவ்வாறு ஏற்கப்பட்ட நாளின் உள்ளடக்கமோ முற்றிலும் மாற்றப்பட்டது. வேள்விக்கான காத்திருப்பு, விதிகளை ஓதிக் குற்றம் உணரும் நாளாயிற்று. இல்லறத்தார்க்கு எட்டு ஒழுக்கங்கள் விதிக்கப்பட்டன. நண்பகலுக்குப்பின் உண்ணாமை அவற்றுள் ஒன்று. கடும் பட்டினியைப் புத்தர் தம் வாழ்வில் மேற்கொண்டு கைவிட்டவர் ஆதலின், முழு உண்ணாமை இங்கு இடம்பெறவில்லை.

அங்குத்தர நிகாயத்தில் விசாகைக்கு உரைக்கப்பட்ட சுத்தம், உபோசதத்தை இடையர் உபோசதம், நிகண்டர் உபோசதம், ஆரிய உபோசதம் என மூவகைப்படுத்துகிறது. இன்று உண்டதையும் நாளை உண்ணப்போவதையும் எண்ணிக்கொண்டு நோற்பது முதல்வகை, சமணருடையது இரண்டாம் வகை, பௌத்தருடையது உயர்ந்தது. சமணர் பற்றி அங்குக் கூறப்படுவது எதிர்த்தரப்பின் சித்திரிப்பு ஆதலால், சமண ஒழுக்கத்திற்கு நேர்ச்சான்றாக அதனைக் கொள்ளலாகாது. ஆயினும், ஒரே நாளில் நோற்ற இரு சமயத்தார்க்கிடையே வேறுபாட்டை நிலைநாட்டும் தேவை எத்துணை இன்றியமையாததாக இருந்தது என்பதற்கு அது சான்றாகிறது. நாளை மாற்ற இயலாதவிடத்து நோற்கும் முறையே எல்லையாயிற்று.

உண்ணாமையின் இறுதி எல்லை

பௌத்தம் தளர்த்திய உண்ணாமையைச் சமணம் இறுக்கியது. காய்ச்சிய நீரன்றிப் பிறிதொன்றும் கொள்ளாத நாள்நோன்புகளும், பரியூஷணத்தின்போது தொடர்ந்து பல நாட்கள் நோற்றலும் இன்றும் வழக்கில் உள்ளன. வினைகளை உதிர்த்தலே இவற்றின் நோக்கம். இறைவனை மகிழ்வித்தல், கழுவாய் பெறுதல் என்னும் கருத்துகளுக்குச் சமண மெய்யியலில் இடமில்லை. இதன் முடிநிலை சல்லேகனை. முதுமை, தீராப்பிணி போன்ற நிலைகளில் உணவைப் படிப்படியாகக் குறைத்து உயிர் துறத்தலைச் சமந்தபத்திரரின் இரத்தினகரண்ட சிராவகாசாரம் வரையறுக்கிறது.

தமிழகத்தில் இதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தது பொறிக்கப்பட்டுள்ளது. வட்டெழுத்தின் வளர்ச்சியை அறியவும் துணைபுரியும் இக்கல்வெட்டு, கழிந்த நாட்களை எண்ணிப் பதிந்திருப்பதால் நோன்பு வரலாற்றில் தனியிடம் பெறுகிறது. சங்க இலக்கியம் காட்டும் வடக்கிருத்தல் செயலளவில் இதனை ஒத்தது. ஆயினும், வெண்ணிப் போரில் புறப்புண் நாணிய சேரமான் பெருஞ்சேரலாதனும் மக்களோடு மாறுபட்ட கோப்பெருஞ்சோழனும் வடக்கிருந்தது மானம் கருதியே. வினை உதிர்த்தல் கருதி அன்று. செயல் ஒன்றாயினும் பொருள் வேறாதலை இவை உணர்த்துகின்றன.

இவ்வேறுபாட்டைப் பிரித்தறிவது ஏட்டளவிலான சிக்கலாக மட்டும் நின்றுவிடவில்லை. 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலையோடு ஒப்பவைத்துத் தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. புறச்செயலை மட்டும் நோக்கி இரண்டு ஒழுக்கங்களை ஒன்றெனக் கொள்ளும் ஒப்பீடு, சட்டத்தில் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

சமயத்தினுள் எல்லைகள்

நோன்பு நாள் ஒரே சமயத்தின் உட்பிரிவுகளையும் பிரித்துக் காட்டியுள்ளது. உரோமைத் திருச்சபை சனிக்கிழமையும் நோற்றது. மிலான் திருச்சபை நோற்கவில்லை. இதனால் எழுந்த ஐயத்திற்கு, எவ்வூரில் இருக்கிறாரோ அவ்வூர் வழக்கத்தைப் பின்பற்றலாம் என்று அம்புரோசு விடையளித்ததை அகுஸ்தீன் தம் கடிதங்களில் பதிவுசெய்துள்ளார். ஆனால் 692இல் கூடிய திருல்லோ சங்கத்தின் 55ஆம் விதி, தவக்காலச் சனிக்கிழமைகளில் நோற்கும் உரோமை வழக்கத்தைக் கண்டித்துத் தண்டனையும் விதித்தது. மூன்று நூற்றாண்டுக் காலத்தில் ஊர்வழக்கம் சபைப்பிளவின் அடையாளமாக மாறியது.

வைணவ, ஸ்மார்த்த மரபுகளுக்கிடையே ஏகாதசி நாள் சில வேளைகளில் வேறுபடுவதும் இவ்வகையதே. தசமித் திதி அருணோதயப் பொழுதைத் தொட்டால் அந்நாளை விலக்கி மறுநாள் நோற்பது வைணவ மரபு. ஸ்மார்த்தர் சூரிய உதயத்தை அளவாகக் கொள்வர். கணிப்பில் தோன்றும் இச்சிறு வேறுபாடு, எம்மரபினர் என்பதை அறிவிக்கும் குறியாகச் செயற்படுகிறது.

நோற்றலைப் போன்றே நோலாமையும் எல்லையாகலாம். 1522ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சூரிக் நகர அச்சகத்தார் கிறிஸ்தோப் ஃபிரோஷவர் இல்லத்தில் சிலர் இறைச்சி உண்டனர். அங்கிருந்த ஸ்விங்லி உண்ணவில்லை. எனினும், உணவு குறித்த கிறித்தவ உரிமையை ஆதரித்து உரையாற்றி அதனை அச்சிட்டார். சுவிஸ் சீர்திருத்த இயக்கத்தின் தொடக்கம் இந்நிகழ்ச்சியோடு இணைத்துக் கூறப்படுகிறது. நோன்பால் மட்டும் மீட்பில்லை என்னும் சீக்கிய நிலைப்பாடும் இந்து, இசுலாமிய நோன்புகளை அருகிருந்து கண்ட சமயத்தின் நிலைப்பாடே ஆகும்.

பொதுமை எங்கு உள்ளது?

மேற்கண்ட சான்றுகளால் சமயங்களுக்கிடையே பொதுமையே இல்லை என்று முடிப்பது பிழையாகும். நோன்பின் நாளிலும் பொழுதிலும் விலகிநின்ற சமயங்கள், நோன்பின் விலக்குகளில் நெருங்கி வருகின்றன. உயிருக்கு ஊறு நேருமாயின் யோம் கிப்பூரிலும் உணவளிக்க யோமா பகுதி இசைகிறது. நோயாளருக்கும் பயணம் செய்வோருக்கும் குர்ஆன் வேறு நாட்களை ஒதுக்குகிறது; நோற்க இயலாதோர் ஏழைக்கு உணவளித்தலைப் பரிகாரமாகக் கூறுகிறது. நோன்பு நாளில் வேலையாட்களை ஒடுக்குவோரைக் கடிந்து, பசித்தோர்க்கு உணவிடுதலே உண்மை நோன்பு என்று எசாயா நூலின் 58ஆம் அதிகாரம் வலியுறுத்துகிறது. ரமலான் முடிவில் ஈகை கடமையாவதும், தவக்காலத்தில் அறச்செயல் வலியுறுத்தப்படுவதும் இதனோடு ஒத்தவை.

அடையாளத்தை அறிவிக்கும் இடத்தில் விதிகள் வேறுபடுகின்றன. நோயுற்ற உடலும் பசித்த அயலாரும் எதிர்ப்படும் இடத்தில் அவை ஒன்றுபடுகின்றன. 'எல்லாச் சமயங்களும் நோன்பைப் போதிக்கின்றன' என்னும் பொதுக்கூற்றைவிட, நோன்பை எங்கே தளர்த்த வேண்டும் என்பதில் அவை ஒத்துள்ளன என்னும் கூற்று வரலாற்றுச் சான்றுகளுக்கு நெருக்கமானது.

முடிவுரை

நோன்பு நாளின் வரலாறு மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகிறது. ஒரு சமயம் அயற்சமயத்தின் நோன்பமைப்பை ஏற்றுக்கொண்டு நாளையோ பொழுதையோ முறையையோ மாற்றித் தன் எல்லையை வரைகிறது. அவ்வாறு வரையப்பட்ட எல்லைக்குரிய இறையியற் பொருள் சிலவிடத்துப் பின்னரே தெளிவுபெறுகிறது. அப்பொருள் நிலைபெற்றபின், எல்லை வரையப்பட்ட காரணம் பின்பற்றுவோர் நினைவிலிருந்து மறைகிறது.

ஆகவே, சமயங்களைத் தனித்தனிக் கட்டங்களில் அடைக்கும் அட்டவணை முறையைக் காட்டிலும், அவற்றை அண்டை உறவில் வைத்து நோக்கும் முறையே ஒப்பாய்விற்குப் பொருத்தமானது. ஒற்றுமை மட்டும் காணும் ஆய்வு, ஒவ்வொரு சமயத்தாரும் தமக்கெனக் காத்துநிற்கும் பொருளை இழக்கிறது. வேற்றுமை மட்டும் காணும் ஆய்வு, அவ்வேற்றுமையே அயலாரோடு கொண்ட நெருக்கத்தால் விளைந்தது என்பதைக் காணத் தவறுகிறது. திங்களை விலக்கிப் புதனைத் தேர்ந்தவர் திங்களில் நோற்பவரை நாள்தோறும் கண்டுகொண்டிருந்தவரே. ஏகாதசி, தவக்காலம், ரமலான் ஆகியவை ஒரே தெருவில் நோற்கப்படும் தமிழ்ச் சூழலில், இவ்வுண்மையை ஆராய்வதற்கான களம் இன்னும் விரிவாகவே உள்ளது.